டம்ளரை யார் கழுவுவது? கல்லூரி கேன்டீனுக்குள் பிளாஸ்டிக் திரும்பி வரும் வழி

கல்லூரி கேன்டீன்களில் ஒருமுறைப் பிளாஸ்டிக் ஒழிப்பு பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் நடக்கிறது. ஜூனில் அறிவிப்புப் பலகை, துணிப்பை விநியோகம், உறுதிமொழி. ஆகஸ்ட்டில் டீ மறுபடியும் பேப்பர் கப்பில். இடையில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. காலை இடைவேளையில் அறுநூறு பேர் டீக்கு வரிசையில் நின்றபோது கழுவிய டம்ளர் இருநூறுதான் இருந்தது. மீதி நானூறு பேருக்குக் கப் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும், வந்தது.

சட்டத்தில் குறையில்லை. தமிழ்நாடு அரசு 2018 ஜூன் 25 தேதியிட்ட அரசாணை 84 மூலம் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களை 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. சாப்பாட்டு மேசையில் விரிக்கும் தாள், உணவு கட்டும் தாள், தட்டு, டம்ளர், தெர்மாகோல் கப், தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல், கைப்பை என்று கேன்டீனுக்குத் தொடர்புள்ளவை அனைத்தும் அதில் உண்டு. அதே 2019-ல் பல்கலைக்கழக மானியக் குழுவும் வளாகங்களில் ஒருமுறைப் பிளாஸ்டிக் கூடாது என்று கல்லூரிகளுக்கு எழுதியது. மத்திய அரசின் தடை 2022 ஜூலை 1-ல்தான் நடைமுறைக்கு வந்தது. இரண்டு பட்டியல்களும் ஒன்றல்ல. கேன்டீன்காரர்கள் இடறுவது இங்கேதான்: பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் பேப்பர் தட்டும் மாநிலத் தடைக்குள் வருகின்றன. கப் தயாரிப்பாளர்கள் தொடுத்த வழக்கில், பேப்பர் கப் மீதான தமிழ்நாட்டின் தடை செல்லும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நெய்யாத துணிப்பை (பிளாஸ்டிக் இழைகளை நெய்யாமல் ஒட்டிச் செய்வது) விஷயத்தை மட்டும் மறுபரிசீலனைக்கு அனுப்பியது. ஆகவே “பேப்பர்தானே சார்” என்ற பதில் தமிழ்நாட்டில் எடுபடாது.

பேப்பர் கப்பின் உள்பக்கத்தில் இருப்பது மெல்லிய பாலிஎத்திலீன் படலம். அது இல்லாவிட்டால் டீ ஊற்றிய கொஞ்ச நேரத்தில் கப் கரைந்துபோகும். காகிதத்தோடு ஒட்டிய அந்தப் படலத்தைப் பிரிக்கத் தனி ஆலை வேண்டும். சாதாரண பழைய பேப்பர் கடை இந்தக் கப்பைத் தொடாது. உடல்நலக் கேள்வி வேறு. 85 முதல் 90 டிகிரிச் சூடுள்ள 100 மில்லி திரவம் கால் மணி நேரம் பேப்பர் கப்பில் இருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றன என்று ஐ.ஐ.டி. கரக்பூர் ஆய்வாளர்கள் 2020-ல் கண்டறிந்தார்கள்.

“எங்கள் கப்பில் பூச்சே இல்லை” என்று சப்ளையர் சொன்னால் அங்கேயே பார்த்துவிடலாம். கப்பை நான்காகக் கிழித்து வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, கிழிந்த ஓரத்தை நகத்தால் நெருடினால் காகிதம் கூழாகிப் பிரியும். பூச்சு இருந்தால் கண்ணாடித் தாள் போல ஒரு சவ்வு கையில் வரும். பச்சை நிறத்தில் நரம்பெல்லாம் அச்சடித்து வருகிற ‘பேப்பர் வாழையிலை’யையும் இப்படிச் சோதிக்க வேண்டும். நிஜ வாழை விளைகிற ஊரில் அதற்குச் சந்தை இருப்பது வேடிக்கைதான்.

‘மக்கும் பிளாஸ்டிக்’ கப்பும் அவ்வளவு எளிதாக மக்காது. சோளமாவு, கரும்புச் சர்க்கரை போன்றவற்றிலிருந்து செய்யும் பி.எல்.ஏ. வகை, 58 டிகிரி அளவு சூட்டை வாரக்கணக்கில் தாங்கிப் பிடிக்கும் தொழில்முறை உரக்கிடங்கில்தான் மக்கும். கல்லூரி மூலையில் உள்ள உரக்குழியில் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். அந்த வசதி இல்லாத வளாகத்தில் இதற்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

ஆக, எவர்சில்வர் டம்ளர். அடுத்த கேள்வி எத்தனை என்பது. தலைக்கு ஒன்று என்று வாங்குவதும், பாதி போதும் என்று வாங்குவதும் இரண்டுமே குத்துமதிப்பு. ஒரு பாத்திரம் கைக்குப் போனதிலிருந்து காய்ந்து மறுபடி கவுண்டருக்கு வர எத்தனை நிமிடம் என்பதைப் பார்த்துவிட்டு, நெரிசல் வேளையில் நிமிடத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதால் பெருக்க வேண்டும்.

ஹாஸ்டல் மெஸ்ஸை எடுத்துக்கொள்வோம். இரவுச் சாப்பாடு ஒன்றரை மணி நேரம், மொத்தம் 900 பேர். நிமிடத்துக்குப் பத்துப் பேர். தட்டு ஒன்று சாப்பிடுபவரிடம் 25 நிமிடம், எச்சில் தட்டுத் தொட்டியில் 10, கழுவ 15, காய 15. ஆக 65 நிமிடம். 650 தட்டு சுற்றில் இருந்தால் போதும். பத்து சதவீதம் கூடுதல் வைத்தால் 715. டீ இடைவேளைக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும். இடைவேளையே 20 நிமிடம்; டம்ளர் குடித்து, கழுவி, காய்ந்து வர 50 நிமிடம். அதற்குள் ஒரு டம்ளரும் இரண்டாவது ஆளுக்குத் திரும்பாது. 600 பேர் வந்தால் 600 டம்ளரும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்; இருப்பு 100 சேர்த்து 700. இருநூறு டம்ளர் வாங்கி “கழுவிக் கழுவிக் கொடுப்போம்” என்று தொடங்கிய திட்டம் முதல் திங்கட்கிழமையே படுத்துவிடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. 120 மில்லி டீக்கு 150 மில்லி டம்ளர். விளிம்புவரை ஊற்றினால் ஒற்றைச் சுவர் எவர்சில்வரைக் கையில் பிடிக்க முடியாது. வாய் வெளிப்பக்கம் வளைந்திருந்தால் விரல் நுனியில் பிடிக்கலாம். விளிம்பைச் சுருட்டி மடித்த வகையில் மடிப்புக்குள் நீரும் பாலும் தங்கி நாற்றம் வரும். மடிப்பு முழுக்க மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று முழுதாக இறங்கிவிடும் கூம்பு வடிவம் இடத்தை மிச்சம் பிடிக்கும், ஆனால் ஈரத்தோடு அடுக்கினால் கழற்றவே முடியாது. 202 தர எஃகு மலிவு. உப்புத் தண்ணீரும் குளோரினும் படும் இடத்தில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். போர்வெல் நீர் உள்ள வளாகத்தில் 304 தரம் வாங்குவதே லாபம்.

இனி கழுவுமிடம். பேப்பர் கப் திரும்பி வருகிற கதவு அதுதான். திறந்த குழாயடியில் ஒவ்வொன்றாகக் கழுவினால் நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டும் குழாயில் ஒரு டம்ளருக்குப் பத்து விநாடி, அதாவது 1.3 லிட்டர். 700 டம்ளருக்கு 900 லிட்டருக்கு மேல். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் கல்லூரியில் நிர்வாகமே “பேப்பர் கப்பே பரவாயில்லை” என்று சொல்லும், அதில் நியாயமும் இருக்கும்.

மூன்று தொட்டி முறையில் இது குறைகிறது. 60 லிட்டர் தொட்டிகள் மூன்று. அவற்றுக்கு முன்னால், குடித்த கையோடு டம்ளரைக் கவிழ்க்க ஓட்டைபோட்ட கூடைகள். கூடையோடு வெதுவெதுப்பான அல்லது பச்சைத் தண்ணீரில் ஒரு முக்கு. இங்கே கொதிநீர் ஊற்றக்கூடாது. பாலின் புரதம் வெந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும், பிறகு கம்பி நார் போட்டுத் தேய்த்து எஃகைக் கீறுவார்கள். முதல் தொட்டியில் 45 டிகிரி வெந்நீரும் பாத்திரத் திரவமும். இரண்டாவது அலசல். மூன்றாவது கிருமிநீக்கம்: 4 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 150 மில்லியை 60 லிட்டரில் கலந்தால் 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) குளோரின் கிடைக்கும். அதில் ஒன்றிரண்டு நிமிடம் போதும், ராத்திரி முழுக்க ஊறவைத்தால் எஃகு அரிக்கும். குளோரின் வாசனை பிடிக்காதவர்கள் 77 டிகிரி வெந்நீரில் கூடையோடு அரை நிமிடம் முக்கலாம். அதற்குப் பர்னரும் வெப்பமானியும் வேண்டும். 700 டம்ளருக்குக் கழுவும் நீரை 3 முறை, அலசும் நீரை 5 முறை, கடைசித் தொட்டியை 2 முறை மாற்றினால் மொத்தம் 600 லிட்டர். இரண்டு பேர் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும்.

இதில் தவறுவது பெரும்பாலும் இரண்டாவது தொட்டி. நுரையும் பால் நிறமும் ஏறிய பிறகும் மாற்றாமல் விடுவார்கள். அழுக்கு ஏறிய நீர் மூன்றாவது தொட்டிக்குள் போனால் குளோரின் அழுக்கிலேயே தீர்ந்துபோகும். கிருமிக்கு மிச்சம் இருக்காது. குளோரின் சோதனைப் பட்டையை மணிக்கு ஒரு முறை நனைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கழுவி முடித்ததும் துணியால் துடைப்பது இன்னொரு தவறு. அந்த ஒரு துணி எல்லா டம்ளருக்கும் கிருமியைப் பங்கு போட்டுக் கொடுக்கும். கம்பித் தட்டில் கவிழ்த்துக் காய விட வேண்டும், அதற்குக் கழுவும் மேடையைவிட அதிக இடம் வேண்டும். கேன்டீன் கட்டட வரைபடத்தில் அந்த இடம் ஒருபோதும் இருந்ததில்லை.

இயந்திரம் வைத்தால் தண்ணீர்க் கணக்கே மாறுகிறது. மூடி இறக்கும் வகைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் 50-க்கு 50 செ.மீ. கூடை ஒன்றில் 36 டம்ளர். ஒரு சுற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு நிமிடம். கடைசி அலசலுக்கு மூன்று லிட்டர் அளவு. 700 டம்ளருக்கு 20 கூடை, முதலில் தொட்டி நிரப்புவதையும் சேர்த்து நூறு லிட்டருக்குப் பக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் மூன்று முனை மின்சாரம் வேண்டும், ஹீட்டரோடு பத்துக் கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். கடைசி அலசல் 82 டிகிரிக்குக் குறைந்தால் டம்ளர் தானாகக் காயாது. “மிஷின் சரியில்லை” என்ற புகார்களில் பல இதுதான். அதைவிடப் பெரிய எதிரி தண்ணீரின் கடினத்தன்மை. மென்னீராக்கி இல்லாமல் போர்வெல் தண்ணீரை நேராகக் கொடுத்தால் ஹீட்டரில் சுண்ணாம்பு படிந்து, அலசும் துளைகள் அடைத்து, சில மாதங்களில் இயந்திரம் மூலையில் உட்கார்ந்துவிடும். மென்னீராக்கிக்கு உப்புப் போடுவது யார் வேலை என்று முதல் நாளே எழுதி வைக்காத கல்லூரி இயந்திரமே வாங்க வேண்டாம்.

பணத்துக்கு வருவோம். கணக்குக்காக, பேப்பர் கப் 60 காசு என்று வையுங்கள். உங்கள் ஊர் விலையை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். நாளுக்கு 2,000 டீக்கு 1,200 ரூபாய், 25 வேலை நாளுக்கு 30,000 ரூபாய். டம்ளர் 45 ரூபாய் வீதம் 700-க்கு 31,500 ரூபாய். ஒரே மாதத்தில் போட்ட காசு வந்துவிட்டது என்று கருத்தரங்குகளில் ஸ்லைடு போடுகிறார்கள். நாள் கூலி 600 ரூபாயில் இரண்டு பேரைக் கழுவப் போட்டால் 25 நாளுக்கு 30,000 ரூபாய் என்ற வரி அந்த ஸ்லைடில் இருக்காது. மிச்சம் பூஜ்யம். தண்ணீர், சோப்பு, தொலைந்த டம்ளர் எல்லாம் ஒப்பந்தக்காரர் தலையில். ஒப்பந்தமோ ஒரு வருடம்தான். அடுத்த ஆண்டு இருப்போமா என்று தெரியாதவர் இயந்திரத்திலும் எஃகிலும் ஏன் பணம் போடுவார்? அவரைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை.

இதைத் தீர்ப்பது டெண்டர் படிவம். பாத்திரமும் இயந்திரமும் கல்லூரியின் சொத்து. இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். கழுவும் கூலி டீ விலைக்குள் ஒளியாமல் தனி வரியாக இருக்க வேண்டும். கழுவித் தரும் பாத்திரத்துக்கு இத்தனை காசு என்று கல்லூரி கொடுப்பது சிறந்தது. மாதம் 3 சதவீதம் வரை காணாமல் போனால் கல்லூரி பொறுப்பு, அதற்கு மேல் ஒப்பந்தக்காரர் என்பது போல ஓர் எல்லை. தடை செய்த பொருள் இருந்தால் அபராதம் என்பதோடு நிறுத்தாமல், அந்த மாதக் கொள்முதல் பில்களைக் காட்ட வேண்டும் என்றும் சேர்க்க வேண்டும். குப்பைத்தொட்டியைக் கிளறுவதைவிட பில் புத்தகம் உண்மையைச் சீக்கிரம் சொல்லும்.

டம்ளர் தொலைவதைப் பற்றி மாணவர்களைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். துறை அலுவலகங்களின் அலமாரிகளைத் திறந்து பார்த்தபின் திட்டலாம். டீயை ஃபிளாஸ்கில் அனுப்பி, துறைக்கு ஒரு டஜன் டம்ளரை அவர்கள் பொறுப்பிலேயே கொடுத்துவிட்டால் பாதித் தொல்லை ஓயும். மாணவர்களுக்கு டோக்கன் முறை நன்றாக வேலை செய்கிறது: பருவத் தொடக்கத்தில் ஒரு முறை 50 ரூபாய் கட்டி ஒரு பித்தளை டோக்கன், டோக்கனைக் கொடுத்தால் டம்ளர், டம்ளரைக் கொடுத்தால் டோக்கன். ஒவ்வொரு டீக்கும் முன்பணம் வாங்கித் திருப்பினால் சில்லறைத் தகராறும் வரிசையும்தான் வளரும். சிறு தொகை எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு நீலகிரியே சாட்சி. அங்கே 2022-ல் உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கித் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியபின் பெரும்பாலான பாட்டில்கள் கடைக்கே திரும்பின. திரும்ப வாங்கும் ஜன்னல் டீ கவுண்டரிலேயே இருக்கக்கூடாது. வகுப்புக்குப் போகும் வாசல் ஓரம், பதினைந்தடி தள்ளி இருக்க வேண்டும். திரும்பி நடக்கச் சொன்னால் டம்ளர் மரத்தடியில் கிடக்கும்.

பார்சல்தான் கடினமான பகுதி. கொதிக்கும் சாம்பாரை மெல்லிய கவரில் ஊற்றி ரப்பர் பேண்டு போடுவது தடைக்கு உட்பட்டது மட்டுமல்ல, சூட்டுக்கும் எண்ணெய்க்கும் அந்தக் கவர் ஏற்றதே அல்ல. இந்தக் கவர் எச்சில் உணவோடு கலந்து, உணவுக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் கலனுக்குப் போனால் உள்ளே போகும் குழாயை அடைக்கும். பன்றிப் பண்ணைக்காரர் எடுத்துப்போனால் மிருகத்தின் வயிற்றில் போகும். காய்ச்சலில் படுத்த அறைத்தோழனுக்கு இட்லி வாங்குபவருக்கு மாற்று ஒன்று கவுண்டரிலேயே இருக்க வேண்டும். 200 மில்லி, 100 மில்லி என இரண்டு அளவில் மூடி போட்ட எவர்சில்வர் டப்பாக்கள் நாற்பது ஐம்பது, அதே டோக்கன் முறையில். இட்லி, தோசை, பரோட்டாவுக்கு வாழையிலையும் மேலே அச்சில்லாத பழுப்புத் தாளும். பழைய செய்தித்தாள் கூடாது. அச்சு மை உணவில் ஏறும் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடுத்திருக்கிறது. வாழையிலையை அனலில் லேசாக வாட்டினால் மடிப்பில் கிழியாது. மந்தாரை இலை கிடைக்கும் ஊரில் அதைத் தைத்த இலை பார்சலுக்கு வாழையைவிட உறுதி, காய்ந்த நிலையிலேயே அடுக்கி வைக்கலாம்.

கறுப்பு டப்பா ஒன்று இருக்கிறது, பிரியாணிக்கு வருமே. ‘மறுபடி பயன்படுத்தலாம்’ என்று சொல்லி விற்கப்படுவது. ஹாஸ்டலில் அது ஒரு தடவைதான் பயன்படும், பிறகு ஜன்னலோரச் சாம்பல் கிண்ணம். வாசலுக்கு வரும் ஆப் டெலிவரியைக் கேன்டீன் தடுக்க முடியாது. ஸ்பூன் வேண்டாம் என்ற தெரிவை மாணவர்களுக்கு நினைவூட்டலாம், விடுதித் தளத்துக்கு ஒரு தனித் தொட்டி வைக்கலாம். அதற்கு மேல் அதில் நேரம் செலவிடுவது பலன் தராது.

தண்ணீர் பாட்டில் விஷயம் இதைவிட எளிது, ஆனாலும் கணக்கில் தவறுகிறார்கள். மணிக்கு 50 லிட்டர் சுத்திகரிக்கும் இயந்திரத்தை வராந்தாவில் மாட்டிவிட்டு “தண்ணீர் இருக்கிறதே” என்பார்கள். கால் மணி நேர இடைவேளையில் 400 பேர் முக்கால் லிட்டர் பாட்டிலை நிரப்பினால் 300 லிட்டர். குழாய் ஒன்று நிமிடத்துக்கு 3 லிட்டர் கொடுத்தால் கால் மணி நேரத்தில் 45 லிட்டர். அதனால் குறைந்தது 7 குழாய், பின்னால் 500 லிட்டர் எவர்சில்வர் தொட்டி. இயந்திரம் இரவெல்லாம் ஓடித் தொட்டியை நிரப்பட்டும். குழாய்க்கும் மேடைக்கும் இடையே ஓரடி இடைவெளி விட வேண்டும். கைகழுவும் குழாய் போல வைத்தால் உயரமான பாட்டில் நுழையாது, மாணவர் கடைக்குப் போய்விடுவார். பரிசோதனைச் சான்றையும் வடிகட்டி மாற்றிய தேதியையும் குழாய்க்கு மேலே ஒட்டுங்கள். அந்தத் தேதி தெரியாத தண்ணீரைக் குடிக்கத் தயங்குவது நியாயம்தான். கழிவாக வெளியேறும் உப்பு நீரைத் தரை கழுவவும் கழிப்பறைக்கும் திருப்பலாம். டம்ளர் கழுவ வேண்டாம், வெள்ளைப் படிவு விழும்.

சமையலறையின் பின்கதவை யாரும் பார்ப்பதில்லை. டீயில் பாதி பால் என்றால் 1,000 டீக்கு 60 லிட்டர், அதாவது அரை லிட்டர் பாக்கெட் 120. பால் பாக்கெட்டுக்குத் தடையில் விலக்கு உண்டு. ஆனாலும் அருகில் பால் கூட்டுறவுச் சங்கம் இருந்தால் 40 லிட்டர் கேனில் வாங்குவது பாக்கெட்டையே ஒழித்துவிடும். பாக்கெட்தான் என்றால் மூலையை முழுதாக நறுக்கித் தள்ளாமல் ஒரு நூலளவு ஒட்டியிருக்கும்படி வெட்ட வேண்டும். நறுக்கி விழும் முக்கோணத் துண்டுகளை எவரும் பொறுக்கி எடுக்க மாட்டார்கள், அவை சாக்கடைக்குத்தான். கழுவிக் காயவைத்த பாக்கெட்டைப் பழைய சாமான் கடை எடுத்துக்கொள்ளும். எண்ணெயை ஒரு லிட்டர் பாக்கெட்டுக்குப் பதில் 15 கிலோ டின்னில் வாங்கலாம். ஊறுகாய் சாஷேயும் சாஸ் சாஷேயும் பல அடுக்குப் பிளாஸ்டிக், எந்தக் கடையும் வாங்காது. ஊறுகாய்க்கு ஜாடியும் சாஸுக்கு அழுத்துக் குழாயும் வைத்தால் போதும்.

கலைவிழா, கருத்தரங்கு, விளையாட்டு விழா நாட்களில்தான் ஆண்டு முழுக்க மிச்சம் பிடித்தது ஒரே மதியத்தில் போகும். 1,500 பேருக்குச் சாப்பாடு என்று வெளிக் கேட்டரிங்கைக் கூப்பிடும் மாணவர் குழுவுக்கு கேன்டீன் ஒப்பந்தத்தின் விதிகள் தெரியாது. அரங்க அனுமதிப் படிவத்திலேயே ஒரு வரி வேண்டும்: மேசை விரிப்புத் தாள் இல்லை, 250 மில்லி பாட்டில் இல்லை, பரிமாறல் இலையில் அல்லது பாக்கு மட்டைத் தட்டில். பாக்கு மட்டையை மழைக்காலத்தில் முன்கூட்டியே வாங்கி ஈரமான ஸ்டோரில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஒரு வாரத்துக்கு முன் வாங்கி வெயில் காட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். வாழையிலை மக்கும்தான், ஆனால் முழு இலையாகக் குவித்தால் காற்றுப் போகாமல் அடுக்கடுக்காக ஒட்டி அழுகும். துண்டு நறுக்கும் இயந்திரத்தில் கொடுத்தோ அரிவாளால் கொத்தியோ காய்ந்த சருகோடு கலந்து போட வேண்டும். திடக்கழிவு விதிகள் 2016-ன்படி நாளொன்றுக்குச் சராசரி 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் நிறுவனம் பெருங்கழிவு உற்பத்தியாளர் கணக்கில் வந்தது. ஹாஸ்டல் உள்ள கல்லூரி அந்த எல்லையை விழா இல்லாத நாளிலேயே எளிதாகத் தாண்டும்.

மின்வெட்டு வரும், இயந்திரம் நிற்கும், கழுவுபவர் இருவரும் ஒரே நாளில் விடுப்பு எடுப்பார்கள். அந்த நாளுக்கென்று ஸ்டோரில் ஒரு பெட்டி பேப்பர் கப் வைத்திருந்தால் அவசரம் வாரம் இரண்டு முறை வரத் தொடங்கும். அதற்குப் பதிலாக மூன்று தொட்டியையும் கழுவிக் கவிழ்த்துத் தயாராக வையுங்கள், கூடவே 200 உபரி டம்ளர். ஹைப்போகுளோரைட் திறந்து வைத்தால் வலுவிழக்கும் என்பதால் பாட்டிலில் வாங்கிய தேதியை எழுதி, நிழலில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். அன்றைக்கு மட்டும் இடைவேளையை இரண்டு பிரிவாகப் பத்து நிமிடம் தள்ளித் தள்ளி விடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதையும் கேன்டீன் சுவரில் எழுதி வைக்க வேண்டும். வரிசை வாசலைத் தாண்டிய பிறகு முதல்வர் அறைக்கு ஆள் அனுப்பிக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.